முன்னாடியே போட்டிருக்கோணும்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய், ரூம் கிடைக்காமல் சேரிங் கிராஸ் பக்கம் வண்டியை ஓரங்கட்டி நின்றதாக யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள். என் சித்தப்பா அதைத் திருப்பூர் பேச்சில் சொன்னார்: "மூணு மாசத்துக்கு முன்னாடியே போட்டிருக்கோணுமப்பா. மே மாசம் மலைக்குப் போறவன் பிப்ரவரியில தூங்கிட்டு இருந்தா ரூம் எங்கிருந்து கிடைக்கும்?"

சித்தப்பா வங்கியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அவர் தங்கியதெல்லாம் வங்கியின் விடுமுறை இல்லங்களில். விண்ணப்பம் கொடுப்பார், ஒதுக்கீட்டுக் கடிதம் வரும், போய் இறங்கினால் வாட்ச்மேன் வெந்நீர் போட்டு வைத்திருப்பார். இதை முகத்துக்கு நேராகச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அவர் ஒருவர் அல்ல. அலுவலகத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், பயணப் பக்கம் எழுதும் பத்திரிகைகளில் எல்லாம் இதே வாக்கியம்தான். முதலில் நல்ல யோசனையாகத்தான் இருந்திருக்கும். இன்று அது தீர்ப்பாகக் கெட்டித்துவிட்டது. ரூம் கிடைக்காதவன் சோம்பேறி. இரட்டை விலை கொடுத்தவன் ஏமாளி. ராத்திரி வண்டியிலேயே குழந்தைகளைத் தூங்கவைத்தவன் குடும்பம் நடத்தத் தெரியாதவன். சீசனில் எது கெட்டாலும் பழி குடும்பத் தலைவனின் மண்டைமேல் விழும்படி இந்த ஒரு வாக்கியம் பார்த்துக்கொள்கிறது. அது தவறான தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன். முன்பதிவு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. சீசனின் நிச்சயமின்மை முழுவதையும் குடும்பத்தின் தோளுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் 'பொறுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைத்தான் மறுக்கிறேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவன்.

2024இல் சித்தப்பா சொன்னபடியே செய்தேன். நாங்கள் ஏழு பேர்: அம்மா, நான், மனைவி, இரண்டு பையன்கள், அக்கா, அக்கா மகள். பிப்ரவரி கடைசியிலேயே இரண்டு ரூம், மே 18, 19 இரண்டு இரவுக்கு, முழுப் பணத்தையும் கட்டிப் போட்டாயிற்று. அதன்பின் நடந்தவை எதுவும் பிப்ரவரியில் யாருக்கும் தெரியாது. ஏப்ரல் 29ஆம் தேதி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மே 7 முதல் நடைமுறை. சரி, அதையும் எடுத்தோம். பெட்டி கட்டுகிற நேரத்தில் கனமழை எச்சரிக்கை வந்தது. மே 18 முதல் 20 வரை சுற்றுலாப் பயணிகள் நீலகிரிக்கு வருவதைத் தவிர்க்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரே கேட்டுக்கொண்டார். எழுபத்து நான்கு வயது அம்மாவை வைத்துக்கொண்டு மண்சரிவுப் பாதையில் ஏறுவதற்கு எனக்கு நெஞ்சில்லை. விடுதிக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், நாங்க உங்கள வரவேண்டாம்னு சொல்லலீங்களே. கலெக்டரம்மாதானுங்களே சொன்னாங்க. ரூம் ரெடியாத்தான் இருக்குது."

பணம் திரும்பாது. தேதி மாற்றித் தருவார்களாம், ஆனால் ஜூன் பதினைந்துக்கு மேல். அப்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அந்தத் தம்பி சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மழை பெய்தால் நட்டம் விடுதிக்கு என்பது பழைய ஏற்பாடு. நான் பிப்ரவரியிலேயே பணத்தைக் கட்டியதும், மழையையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டும் இதே கதைதான், வேறு குடும்பங்களுக்கு. 2025இல் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. 2009க்குப் பிறகு அவ்வளவு முன்னதாக அது வந்ததில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. ஊட்டியின் சுற்றுலாத் தலங்களை மூடினார்கள். மே கடைசி வாரத்துக்குப் பிப்ரவரியிலேயே ரூம் போட்ட பொறுப்பான தகப்பன்மார்கள் எத்தனை பேர் அந்த இரண்டு நாளும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

மழை கடவுள் செயல், அதை விடுங்கள் என்பவர்களுக்கு மனிதர் செயலைக் காட்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில், விடுமுறை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை வீடு தீர்மானிப்பதில்லை. 2024 ஏப்ரலில் நான்கு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நடந்த ஆண்டுத் தேர்வில், ரம்ஜானை ஒட்டி 10, 12 தேதிகளில் இருந்த இரண்டு தேர்வுகளை 22, 23க்குத் தள்ளினார்கள். நடுவில் 19ஆம் தேதி மக்களவைத் தேர்தல். பள்ளி ஜூன் 6இல் திறக்கும் என்றார்கள். வெயில் காரணமாக அது 10 ஆனது. முந்தைய ஆண்டு இதைவிட மோசம். ஜூன் முதல் தேதி என்றார்கள், பிறகு 7, பிறகு மேல் வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14. வெயிலுக்காகத் தள்ளிவைத்தது நியாயமான காரியம். நான் குறை சொல்லவில்லை. கல்வித் துறைக்கே மே மாதத்தில்கூட ஜூன் மாதம் தெரியாதபோது, எனக்குப் பிப்ரவரியில் மே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் பேச்சே வேண்டாம். மே முதல் வாரம் நீட். அதை ஒட்டி பிளஸ் டூ முடிவு. பிறகு கலந்தாய்வுக்கான பதிவு, சாதிச் சான்று, வருமானச் சான்று. அந்த வீட்டில் சுற்றுலா என்ற சொல்லை எடுக்கவே முடிவு வந்து மூன்று நாள் ஆக வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு நாள்காட்டியும் உண்டு. பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு ஷிப்மென்ட்தான் பஞ்சாங்கம். ஆர்டர் முடிந்து கண்டெய்னர் ஏறிய பிறகுதான் லீவு. அது எந்த வாரம் என்பது முதலாளிக்கே நிச்சயமில்லை. சனிக்கிழமை கையில் வாங்குகிற கூலியில் குடும்பம் நடத்துகிற டெய்லரிடம், மூன்று மாதம் கழித்துத் தூங்கப் போகிற கட்டிலுக்கு இன்றைக்கே பணம் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்? மாதச் சம்பளமும் ஈட்டிய விடுப்பும் உள்ள வீட்டின் நடைமுறையை எல்லார் வீட்டுக்கும் ஒழுக்கமாக வைத்திருக்கிறோம்.

இந்த விஷயத்தில் எனக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. இந்திய ரயில்வே. வெகுகாலம் 120 நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்ததை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். அதற்கு ரயில்வே சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: 61 நாள் முதல் 120 நாள் வரை முன்னதாக எடுக்கும் டிக்கெட்டுகளில் ஏறக்குறைய 21 சதவீதம் ரத்தாகிவிடுகிறது, மேலும் நான்கைந்து சதவீதம் பேர் ரத்தும் செய்யாமல், வரவும் செய்யாமல் போகிறார்கள். அதாவது நாலு பேரில் ஒருவரால் போகமுடிவதில்லை. இவர்கள் எல்லோரும் சித்தப்பா சொன்னபடி முன்கூட்டியே போட்டவர்கள். உலகத்திலேயே பெரிய முன்பதிவு இயந்திரங்களில் ஒன்றை நடத்துகிறவர்கள், இவ்வளவு தூரம் முன்னால் பார்க்க மனிதரால் ஆகாது என்று சொல்லி ஜன்னலைப் பாதியாகச் சாத்திவிட்டார்கள். இன்னொன்று, ரயில்வேயில் ரத்துக் கட்டணம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொகை. ரயிலையே அவர்கள் ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்பி வரும். விடுதியில் எனக்குக் கிடைத்தது "கலெக்டரம்மாதானுங்களே சொன்னாங்க."

2025இல் மறுவழியில் போனேன். சூடு கண்ட பூனை என்று வையுங்கள். அக்கா மகளுக்கு அந்த வருடம் பிளஸ் டூ. மே 8ஆம் தேதி மார்க் வந்தது, வீட்டில் சிரிப்பு வந்தது, உடனே "ஊட்டி போலாம் மாமா" என்றாள். அந்த வயதுப் பெண் கேட்கும்போது, பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆண்டு முதல் இ-பாஸுக்கு உச்சவரம்பும் வந்திருந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமைக்கு எங்கள் வாடகை ஆம்னிக்குப் பாஸ் கிடைத்தது. கல்லாறு தாண்டி மேலேறும்போது, உள்ளே விட அனுமதி கொடுத்தவர்கள் தூங்க இடமும் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என ஓர் அசட்டு நம்பிக்கை எனக்கு இருந்தது. அப்படி ஒரு கணக்கே கிடையாது. வண்டிக்கு நாலு பேர் என்று குறைத்து வைத்தாலும் 6,000 வண்டியில் 24,000 பேர். எத்தனை பேர் அன்றிரவே இறங்குவார்கள், எத்தனை பேருக்குக் கட்டில் வேண்டும் என்பது யார் கவலையும் இல்லை. இத்தனைக்கும் பாஸ் கேட்கும்போதே எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கப் போகிறீர்கள் என்றெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆப்பில் பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று வந்தது. மூன்று ஆப்பிலும் அப்படியே. எட்டு விடுதியின் படி ஏறி இறங்கினோம். ஒன்பதாவதற்கு ஏற அம்மாவின் மூட்டு சம்மதிக்கவில்லை. அப்போது ஆம்னி டிரைவர், "நான் ஒரு போன் போடட்டுங்களா" என்றார். இருபது நிமிடத்தில் கேத்தி போகும் வழியில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு ரூம் முளைத்தது. ஓர் இரவுக்கு 9,000. பில் இல்லை, வாசலில் பெயர்ப்பலகையும் இல்லை. இறங்கும்போது டிரைவரும் வீட்டுக்காரரும் ஓரமாக நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்பது மலைக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

ரூம் தீர்ந்துபோனது ஆப்பில்தான். ஊரில் தீரவில்லை. சீசனில் ஒரு பகுதி ரூம்கள் ஆப்புக்கு வராமலேயே டிரைவர், புரோக்கர், தெரிந்தவர் வழியாகக் கைமாறுகின்றன. இப்படி இரண்டு சந்தை நடக்கிற ஊரில், முதல் சந்தையில் முந்திக்கொள்ளாததுதான் உன் குற்றம் என்று சொல்வதற்கு, இரண்டாவது சந்தை இருப்பதே தெரியாதவராக இருக்க வேண்டும்.

அடுத்து, 'ஃபேமிலி' என்ற சொல். தமிழ்நாட்டு லாட்ஜ் வாசலில் "ஃபேமிலிக்கு மட்டும்" என்று பலகை தொங்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஃபேமிலிக்கான ரூம் ஒன்றும் இருக்காது. அந்தப் பலகையில் ஃபேமிலி என்பது நடத்தைச் சான்றிதழ். கல்யாணம் ஆகாத ஜோடிக்கும் குடிகாரக் கும்பலுக்கும் இடமில்லை என்று அர்த்தம். தலைகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊட்டி, கொடைக்கானல் ரூம்களில் பெரும்பாலானவை தேனிலவு ஜோடிக்கு அளவெடுத்துத் தைத்தவை. ஒரு பெரிய கட்டில், ஒரு கண்ணாடி, மேசைமேல் பிளாஸ்டிக் ரோஜா. ஆப்பைத் திறந்தால் அதுவாகவே இரண்டு பெரியவர், குழந்தை பூஜ்யம் என்று நிரப்பிக்கொண்டு நிற்கும். மூன்றாவது ஆளைச் சேர்த்ததும் 'எக்ஸ்ட்ரா பெட்' கணக்கு தொடங்கும். அந்த எக்ஸ்ட்ரா பெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நள்ளிரவில் ஒரு பையன் தலையில் சுமந்து வந்து, கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில் உருட்டிவிடுகிற மெத்தை. அதற்கு 1,200 ரூபாய். பாத்ரூம் போக வேண்டுமானால் அத்தையைத் தாண்டித்தான் போகணும்.

ஐந்து வயதுக்குமேல் பாதி, பன்னிரண்டுக்குமேல் முழு ஆள் என்பார்கள். ஏழு பேருக்கு மூன்று ரூம் எடுக்கச் சொல்வார்கள். அந்த மூன்றும் மூன்று மாடியில் இருக்கும். அம்மாவோடு யார் படுப்பது, ராத்திரி அவளுக்கு மூச்சு இரைத்தால் யார் கதவைத் தட்டுவது என்று குடும்பம் வராந்தாவில் நின்று பஞ்சாயத்து பேசும். இது முன்பதிவால் தீருகிற சிக்கலா? மூன்று மாதம் முன்னால் போட்டாலும் அதே கட்டில்தான், அதே பாத்ரூம் கதவுதான்.

நேரக் கணக்கு இன்னொரு கூத்து. முன்பெல்லாம் நம் ஊர் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு சாதாரணம். காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் ஆறு வரை. மலையில் இப்போது பன்னிரண்டு மணிக்கு மேல்தான் உள்ளே, மறுநாள் பத்துக்கோ பதினொன்றுக்கோ வெளியே. ஒரு நாள் வாடகைக்கு ஒரு நாள் கிடையாது. இதுவும் போகட்டும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிற குடும்பம் காலை ஆறரைக்குள் மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடும். 7.10க்குப் புறப்படும் மலை ரயிலில் டிக்கெட் கிடைத்த புண்ணியவான்கள், 46 கிலோமீட்டரைப் பொறுமையாக ஊர்ந்து மதியம் சேர்வார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு மணி ஒத்துவரும். மற்றவர்கள் பஸ் ஏறி ஒன்பதரைக்கெல்லாம் ஊட்டியில். கைக்குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், பெரியவருக்கு மாத்திரை போட வெந்நீர் வேண்டும். ரூம் காலியாகவே இருந்தாலும் 'எர்லி செக்-இன்' என்று பாதி நாள் வாடகை. ஓர் இரவு, இரண்டு இரவு தங்க வருகிறவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் என்பது பயணத்தில் பெரும் பங்கு. சீசனில் சில இடங்களில் ஓர் இரவுக்குக் கொடுப்பதே இல்லை. குறைந்தது இரண்டு இரவு, கூடவே ராத்திரிச் சாப்பாட்டையும் தலையில் கட்டுவார்கள்.

படித்தவர்கள் சொல்கிற மறுமொழி ஒன்று உண்டு. தேவை கூடினால் விலை கூடும், இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது என்பார்கள். வெங்காயத்துக்கு அது சரி. விலை ஏறினால் அடுத்த போகத்தில் கூடுதலாக நடுவார்கள், விலை இறங்கும். மலையில் ரூம் அப்படி முளைக்காது, முளைக்கவும் கூடாது. நீலகிரியில் கட்டடத்தின் உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. மலைப் பகுதிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. கொடைக்கானலில் விதிமீறிக் கட்டியவற்றை நீதிமன்ற உத்தரவின்படி பூட்டி முத்திரை வைத்ததும் நடந்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் வரத்து பூட்டிக் கிடக்கிற சந்தையில் விலையேற்றம் புதிய கட்டில் ஒன்றையும் கொண்டுவராது. இருக்கிற கட்டிலில் யார் படுப்பது என்று மட்டும் முடிவு செய்யும்.

அந்த விலையேற்றத்தில் அரசுக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்குமேல் 18. வரி, சுவரில் மாட்டிய கட்டணத்துக்கு அல்ல. அன்றைக்கு வாங்குகிற வாடகைக்கு. ஆடி மாதத்தில் 3,500க்குக் கிடைக்கிற ரூமுக்கு வரி 175 ரூபாய். அதே ரூம், அதே பிளாஸ்டிக் ரோஜா, மே மாதத்தில் 8,000 ஆனதும் வரி 1,440. சொகுசுக்கான வரி விகிதம், சொகுசு எதுவும் சேராமலேயே, கூட்டத்தின் பேரால் நடுத்தரக் குடும்பத்தின் பில்லில் ஏறிவிடுகிறது. பள்ளி விடுமுறையை ஒரே மாதத்தில் கொண்டுவந்து குவித்ததும் அரசு, அந்தக் குவியலால் ஏறிய விலைக்கு மேல்வரி வாங்குவதும் அரசு. கேத்தி வீட்டுக்காரர் பில்லே கொடுக்காதது இந்தக் கணக்கில் எனக்கு லாபம் என்றுகூடச் சொல்லலாம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

விடுதிக்காரர் பக்கமும் பேசவேண்டும். அறுபது நாள் வருமானத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஓட்டுகிறவர் அவர். சீசனில் தண்ணீரை லாரியில் வாங்குகிறார். 2020, 2021 இரண்டு கோடையும் கொரோனாவுக்குப் பறிபோயின. இ-பாஸ் வரம்பை எதிர்த்து 2025 ஏப்ரல் 2ஆம் தேதி நீலகிரியில் கடையடைப்பு நடத்தினார்கள் என்றால் அது வயிற்றெரிச்சலில்தான். அவரை நான் வில்லனாக்கவில்லை. மழையின் நட்டத்தை அவரும் தனியாகச் சுமக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இப்போது அவர் துளியும் சுமப்பதில்லை. முழுக்க என் தலையில் இருக்கிறது. அரசே வராதே என்று அறிவிக்கிற நாட்களுக்கு மட்டுமாவது பாதிப் பணம் திரும்பட்டும், அல்லது அடுத்த சீசனில் அதே விலைக்கு ரூம் கிடைக்கட்டும். இந்தச் சின்ன விதியை எழுதக்கூட யாரும் முன்வராததற்குக் காரணம், தவறு குடும்பத்தின்மேல்தான் என்று எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதுதான்.

"சீசன் இல்லாதப்ப போங்களேன்" என்பது அடுத்த உபதேசம். எப்போது? காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் சில நாள். அரையாண்டு டிசம்பரில், வடகிழக்குப் பருவமழையின் வாலில். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வாரத்துக்குமேல், பெரும்பாலும் மழையில்லாமல் கிடைக்கிற விடுமுறை கோடை ஒன்றுதான். "வேற ஊருக்குப் போங்க, கோத்தகிரி, வால்பாறை, ஏலகிரி" என்பார்கள். போகிறோம். ஐந்து வருடத்தில் அங்கேயும் பிளாஸ்டிக் ரோஜா வந்துவிடுகிறது.

ஒரு விஷயம் யோசித்தால் சிரிப்பு வரும். 'சீசன்' என்ற சொல்லே குடும்பத்துக்காக வந்ததில்லை. 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் கல் வீடு கட்டினார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மெட்ராஸ் அரசாங்கமே கோடையில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மலையேறியது. அன்றைக்குச் சீசனுக்குப் போனவர்களுக்கு மேலே பங்களா இருந்தது, கிளப் இருந்தது, மாதக்கணக்கில் தங்கினார்கள். ரூம் கிடைக்குமா என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. வங்கி, ரயில்வே, மத்திய அரசு விடுமுறை இல்லங்கள் அந்தப் பங்களாவின் பேரப்பிள்ளைகள். நமக்கு மட்டும் சீசன் வந்தது, பங்களா வரவில்லை.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. திருமலை. ஊட்டியின் மலர்க் கண்காட்சிக் கூட்டம் அங்கே தினசரிக் கூட்டம். தேவஸ்தானத்துக்கு மலைமேல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் உண்டு. ஒரு பகுதியை மூன்று மாதம் முன்னதாக ஆன்லைனில் திறக்கிறார்கள், சித்தப்பாவுக்கு அது. இன்னொரு பகுதி, போய் இறங்கியபின் சி.ஆர்.ஓ. என்கிற மத்திய வரவேற்பு அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் அறைகள் இன்றும் இருக்கின்றன. முன்பணம் அறையைக் காலி செய்ததும் திரும்புகிறது. புரோக்கர் தொல்லை அங்கேயும் இருந்தது. அதற்காக 2023இல் முகம் அடையாளம் காணும் கருவியைக் கொண்டுவந்தார்கள். அறையே கிடைக்காதவருக்கு இலவசக் கூடமும் பூட்டு வைத்த பெட்டியும் குளிக்கத் தண்ணீரும் உண்டு. காத்திருக்க வேண்டும், கால் கடுக்கும், எல்லாம் உண்மை. ஆனால் முன்கூட்டித் திட்டமிடாமல் வந்தவனையும் வந்தவன் என்றே அங்கே எண்ணுகிறார்கள். பெருமாளைப் பார்க்க வந்தவனுக்கு ஒரு நியாயம், பூவைப் பார்க்க வந்தவனுக்கு ஒரு நியாயமா?

நம்மிடமே இந்த வழக்கம் இருந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம், ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் என்று, சொல்லாமல் வருகிறவருக்காகவே கட்டிய இடங்கள். அந்தப் பெருமையைப் பேசும்போது, சத்திரங்களில் சாதி பார்த்துப் பந்தி போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். திரும்பக் கொண்டுவர வேண்டியது கட்டடமோ மரபோ அல்ல. அரசின் 'தமிழ்நாடு ஓட்டல்'களில், யூத் ஹாஸ்டலில், நகராட்சி விருந்தினர் இல்லத்தில், மே மாதம் கால்வாசி அறையை அன்றன்றைக்கு வருகிறவருக்கு ஒதுக்கினால் போதும். ஆறு பேர் ஒன்றாகப் படுக்கிற கூடங்கள் நாலு இருந்தால் போதும். காலையில் இறங்குகிறவர் குளித்து உடை மாற்ற, கட்டணம் வாங்கிக்கொண்டே, ஓர் இடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தால் போதும். இதற்கு ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஐ.ஐ.டி.யையும் ஐ.ஐ.எம்.மையும் வைத்து ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம், நல்ல காரியம். அதோடு, வருகிறவர் எங்கே தலைசாய்ப்பார் என்ற கேள்வியையும் யாராவது எழுதிக் கொடுங்கள். இ-பாஸ் விண்ணப்பத்தில் நாங்கள் ஏற்கெனவே பதில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சென்ற வாரம் சித்தப்பா வந்திருந்தார். "இந்த வருசமாச்சும் முன்னாடியே போடு கண்ணு" என்றார். சின்னவனின் தேர்வு அட்டவணை இன்னும் வரவில்லை என்றேன். அம்மாவுக்கு மூட்டில் ஊசி போட்டிருக்கிறது, ஏப்ரலில்தான் தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை, சாக்கு என்று நினைத்திருப்பார்.

அவர் எழுந்து போனபின் போனை எடுத்தால், 2024இல் பணம் வாங்கிக்கொண்ட அதே விடுதியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. கோடைக்கு இப்போதே பதிவு செய்தால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்பதை இந்த முறை முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள்.